மூன்றாவது வரி

திருப்பூர்
11.3.2004

அக்கா,

வெள்ளையம்மாள் சித்தியைக் கொன்றது நீ எழுதிய மூன்றாவது வரி.

நலமா என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். எனக்குக் காய்ச்சல் இல்லை, சோறு இறங்குகிறது. உனக்கும் அப்படியே இருக்கும்.

திங்கட்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு மெஷின்களை நிறுத்தினார்கள். தினமும் போல எல்லோரையும் செக்கிங் ஹாலில் உட்கார வைத்து ஷட்டரை இறக்கினார்கள். உன் தியான டிரஸ்ட் கொடுத்த மணியைச் சூப்பர்வைசர் அடித்தார். எண்பது பேர் கண்ணை மூடினோம். பத்து நிமிஷம் கழித்து மறுபடி மணி அடித்தபோது எழுபத்தொன்பது பேர் கண்ணைத் திறந்தோம். சித்தி மேஜையில் தலை சாய்த்துக் கிடந்தாள். ஆழமாகப் போய்விட்டாள், எழுப்ப வேண்டாம் என்றார் சூப்பர்வைசர். இன்னும் ஐந்து நிமிஷம் அப்படியே விட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது உயிர் இல்லை.

அந்தப் பத்து நிமிஷம் எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியுமா? எங்கள் டீ நேரம் பதினைந்து நிமிஷம். அதில் பத்தை உன் மௌனத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். மிச்ச ஐந்தில் ரோட்டைத் தாண்டிக் கடைக்குப் போய்வர முடியாது. சித்திக்குப் பஞ்சுத் தூசியால் இரைப்பு. நாலு மணி டீயோடுதான் மாத்திரை போடுவாள். மூன்று மாதமாக டீ இல்லை.

உன் தாள் இன்னும் சுவரில் இருக்கிறது. ஒன்று, முதுகை நிமிர்த்தி உட்காருங்கள். இரண்டு, மூச்சைக் கவனியுங்கள். மூன்று, எந்தச் சத்தம் கேட்டாலும் கண்ணைத் திறக்க வேண்டாம். சத்தம் வரும், போகும்.

ஓய்வு நேரத்தில், தானாக விரும்பித் தியானம் செய்யும்போது இறந்தாள் என்று கம்பெனி எழுதிக்கொண்டது. வேலையில் இறந்தாள் என்று எழுத மாட்டார்களாம். அவள் மகள் ஆஷா லேபர் ஆபீஸில் மனு கொடுத்திருக்கிறாள். இந்த மௌனம் வேலை நேரத்தில், கட்டாயமாக, வராதவர்களின் பேர் குறித்து நடத்தப்பட்டது என்று உன் டிரஸ்ட் ஒரு கடிதம் தர வேண்டும்.

நான் துணி வெட்டுகிற கட்டிங் ஆள். எங்களைக் கடைசி வரிசையில் உட்கார வைப்பார்கள். எனக்கு எதுவும் தெரியாது.

சகாயராஜ்


திண்டுக்கல்
2.4.2004

தம்பி சகாயத்துக்கு,

அக்கா எழுதுகிறேன். உன் கடிதம் மூன்று வாரமாக என் பையில் இருக்கிறது. உடம்பு சுகம்தான். நீ நேரத்துக்குச் சாப்பிடு.

போன் செய்யலாம் என்று எண்ணினேன். நம் இரண்டு பேருக்கும் போனில் கத்தத்தான் தெரியும். அப்பா அடக்கத்துக்குப் பிறகு கடிதம்தான் என்று வைத்துக்கொண்டோமே, அது நல்லது.

வெள்ளையம்மாள் சித்தி உப்பளத்தில் அம்மாவோடு வரப்பு மிதித்தவள். எனக்கு முதல் தாவணி கட்டிவிட்டவள். அவளை நான் மறந்துவிட்டு எழுதவில்லை.

அந்த வரியை ஏன் எழுதினேன் என்று சொல்கிறேன். நியாயம் தேடிச் சொல்லவில்லை. கோவில்பட்டியில் தீப்பெட்டிப் பெண்களுக்காகப் பதினொரு வருஷம் கூட்டம் போட்டேன், மறியல் செய்தேன், இரண்டு தடவை ஜெயிலுக்குப் போனேன். கோபம் ஒன்றுதான் என் சாப்பாடு. ஜெயித்த அன்றும் கூட்டத்துக்கு வந்த பெண்களை அதட்டினேன். முதலாளி அதட்டுவது போலவே அதட்டினேன். அதன் பிறகுதான் மௌனத்துக்கு வந்தேன். உள்ளே விழிக்காதவன் வெளியே நியாயம் கேட்டால் அதுவும் இன்னொரு அதிகாரம்தான் என்று நம்பினேன்.

திருப்பூரில் முதல் கம்பெனியில் உட்கார வைத்தபோது, சூப்பர்வைசரின் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், பெண்களின் இமை துள்ளியது. பத்து நிமிஷமாவது அந்தச் செருப்புக்குப் பயப்படாமல் இருக்கட்டும் என்றுதான் மூன்றாவது வரி. ஷட்டரை இறக்குவார்கள் என்று எனக்குத் தெரியாது. டீ நேரம் என்றும் தெரியாது. கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

கடிதம் பற்றி டிரஸ்ட் இயக்குநரிடம் பேசுகிறேன். ஒன்று மட்டும் சொல். சித்தி பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள்? அவர்களுக்கு ஏதாவது கேட்டதா?

ஆஷாவைப் பார்த்துக்கொள்.

அன்புடன் ஜெபமாலை


திருப்பூர்
9.4.2004

அக்கா,

இன்று பெரிய வெள்ளி. கம்பெனி லீவு இல்லை. நான் போகவில்லை, கோவிலுக்கும் போகவில்லை. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

நீ எழுதியதைப் படித்தேன். தெரியாது, தெரியாது என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறாய். முப்பது கம்பெனிக்குள் மணி கொண்டுபோனவர்களுக்கு அது எந்த நேரத்தில் அடிக்கப்படுகிறது என்று தெரியாது. நல்லது. நீங்கள் கொடுத்த போட்டோ மட்டும் எல்லோருக்கும் தெரியும். சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர் வந்தால் முதலில் அதைத்தான் காட்டுகிறார்கள். தொழிலாளிகள் கண் மூடிச் சிரித்த முகத்தோடு இருக்கிறார்கள். முன்வரிசையில் சித்தி இருக்கிறாள்.

முதலாளி கந்தப்பனைப் பார்க்க ஆஷாவோடு நானும் போனேன். அவர் எங்களை விரட்டவில்லை. எழுந்து நின்று ஆஷாவை உட்காரச் சொன்னார். அன்றைக்கு அவரும் எங்களோடுதான் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். அழுதார், அக்கா. நடிப்பு இல்லை. பிறகு சொன்னார்:

"அழுவாத கண்ணு. சாமிய நெனச்சுட்டு இருக்கற நேரத்துல உசுரு போறதுக்குக் குடுத்து வெச்சிருக்கோணும். எங்கம்மா மூணு வருசம் படுக்கைல கெடந்து செத்தாங்க. உங்கம்மாளுக்கு வந்தது பெரிய சாவு. அதப் போயி ஆபீசு, கேசுன்னு கொண்டு போயி அழுக்குப் பண்ணாதீங்க."

ஆஷா ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாள். "எங்கம்மா சாமிய நெனைக்கலங்க. மூச்சு விட முடியாம இருந்துச்சு."

இந்த மனுஷனைத் திட்டக்கூட முடியவில்லை. நீ அவருக்குக் கொடுத்தது அதுதான். முன்பு முதலாளி என்றால் முதலாளி. இப்போது பக்கத்தில் கண்ணை மூடி உட்கார்கிறார்.

கடிதம் எங்கே?

சகாயராஜ்


திண்டுக்கல்
30.4.2004

தம்பிக்கு,

வெயில் கடுமை. மோர் குடி. எனக்குப் பழைய முதுகுவலி, வேறொன்றும் இல்லை.

டிரஸ்ட் நிர்வாகம் யோசிக்கிறது. ஒரு கம்பெனிக்கு எதிராகக் கடிதம் கொடுத்தால் முப்பது கம்பெனியும் கதவை அடைக்கும், உள்ளே இருக்கும் பெண்களை யார் பார்ப்பது என்கிறார்கள். அதில் உண்மை இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. உண்மை என்றும் சொல்ல முடியவில்லை.

நான் காலையில் உட்காருவதை நிறுத்திவிட்டேன். கண்ணை மூடினால் பக்கத்தில் யாரோ சாய்கிற மாதிரி இருக்கிறது.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை.

ஜெபமாலை


திருப்பூர்
24.5.2004

அக்கா,

நலம். பூண்டி பக்கம் அறை மாற்றிவிட்டேன். எதிரே சிலை கொத்துகிற பட்டறை. காலையிலிருந்து உளிச்சத்தம். பழைய அறையில் சித்தி வீட்டுக் கதவு எதிரே இருந்தது, அதனால் மாற்றினேன்.

நீ சித்தியை அம்மாவோடு உப்பளத்தில் பார்த்தவள். திருப்பூரில் அவள் எப்படி இருந்தாள் என்று உனக்குத் தெரியாது. நான் பஸ் இறங்கிய அன்று அவள்தான் என்னைக் கம்பெனியில் சேர்த்துவிட்டாள். ஒன்றரை ஷிப்ட் நின்றுவிட்டு வந்து எனக்கும் சேர்த்துச் சோறு வடிப்பாள். நான் யூனியன் நோட்டீஸ் கொண்டுவந்தால் அதில் அப்பளம் காயப்போடுவாள். "உங்க அக்கா சண்டை போட்டா, இப்ப சாமியாராயிட்டா. நீ சண்டை போடுத, என்னாகப் போறியோ" என்பாள்.

உன் மௌனம் வந்த முதல் நாள் எண்பது பேர் முன்னால் கேட்டாள்: "ஏலே சகாயம், கண்ண மூடுனா உங்கக்கா மோச்சம் குடுப்பாளாம்ல. முதல்ல டீ குடுக்கச் சொல்லுல." எல்லோரும் சிரித்தார்கள். கந்தப்பன்கூடச் சிரித்தார். ஆனால் மறுநாளிலிருந்து ஒழுங்காக உட்கார்ந்தாள். ஏன் என்று கேட்டேன். நம்ம ஜெபமாலை எழுதின தாள், அதை நாம மதிக்காட்டா வேற எவன் மதிப்பான் என்றாள். உன்மேல் அவ்வளவு. பிசிறு வெட்டுகிற கத்திரியை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கண்ணை இறுக்கி மூடுவாள். ஒரு நாளும் நடுவில் திறந்ததில்லை.

அந்தக் கடைசி நாளிலும் திறந்திருக்க மாட்டாள். கூப்பிட வாய் வரவில்லை. அவள் வளையல்தான் மேஜையில் மூன்று தடவை தட்டியது. இரண்டு தடவை பலமாக, மூன்றாவது மெதுவாக. அதைக்கூட உன் தாளுக்குப் பயந்துதான் மெதுவாகத் தட்டினாள் போலிருக்கிறது.

இதையெல்லாம் உன் நிர்வாகத்தின் முன்னால் படித்துக் காட்டு. யோசிக்கட்டும்.

சகாயராஜ்


திண்டுக்கல்
3.6.2004

தம்பிக்கு,

சுகம். நீ சுகமா?

ஹாலின் கடைசி வரிசை வரைக்கும் அந்த வளையல் சத்தம் கேட்டதா?

அக்கா


திருப்பூர்
20.7.2004

அக்கா,

நலம். ஒரு வாரம் மழை. இப்போது வெயில். வேலை அதிகம், அதனால் எழுத முடியவில்லை.

ஆஷாவைத் திருப்பூரில் எந்தக் கம்பெனியும் எடுக்கவில்லை. மனு கொடுத்த பெண் என்று பேர் போய்விட்டது. சாமளாபுரத்தில் தறிக்குப் போகிறாள். அங்கே காது கிழிகிற சத்தமாம், யாரும் கண்ணை மூடச் சொல்ல மாட்டார்களாம். சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

வளையல் பற்றிப் பேசிக்கொண்டார்கள். கேட்டேன். எழுதினேன். இதில் துப்புத் துலக்க என்ன இருக்கிறது? கேள்வி கேட்க வேண்டியவன் நான்.

சகாயராஜ்


வேம்பார்
22.8.2004

தம்பிக்கு,

ஊர் முகவரியைப் பார்த்துப் பயப்படாதே. உடம்புக்கு ஒன்றும் இல்லை. நம் வீட்டைத் திறந்து கூட்டியிருக்கிறேன். அப்பாவின் உப்பு வாரும் பலகை கரையான் அரிக்காமல் அப்படியே இருக்கிறது.

டிரஸ்டில் இப்போது நான் இல்லை. கடிதம் எழுதி லேபர் ஆபீஸுக்கு அனுப்பிவிட்டுத்தான் நிர்வாகத்திடம் சொன்னேன். அந்தத் தாளை எழுதியவள் நான், கம்பெனியோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தில் அது வேலை நேரம் என்றுதான் இருக்கிறது, வராதவர்களின் பேரைக் குறித்து எங்களுக்கு மாதாமாதம் அனுப்பினார்கள் என்று எழுதியிருக்கிறேன். யாரும் என்னை வையவில்லை. என்னைச் சுற்றி உட்கார்ந்து பத்து நிமிஷம் மௌனமாக இருந்தார்கள். பிறகு சாவியை வாங்கிக்கொண்டார்கள். வாழ்க்கையில் இவ்வளவு கோபம் எனக்கு வந்ததில்லை. கோவில்பட்டிக் கோபம் வேறு. இது என்மேல்.

ஆஷா கடிதத்தின் நகல் வாங்க வந்தாள். சோறு போட்டேன். சாப்பிடும்போது சாதாரணமாகச் சொன்னாள்: "அண்ணன்தான் அன்னைக்கும் அம்மா பக்கத்துல இருந்துச்சு. அம்மா தினமும் அண்ணனுக்கு இடம் போட்டு வைக்கும்லா." உன்னைக் குறை சொல்லவில்லை. நீ பக்கத்தில் இருந்தது அவளுக்கு ஆறுதல், சகாயம். அம்மா தனியாகச் சாகவில்லை என்று நினைக்கிறாள்.

அக்டோபர் ஆறாம் தேதி விசாரணை. என் கடிதம் தாளுக்குத்தான் சாட்சி. ஷட்டர் இறங்கியதற்கும், சித்தி உதவிக்குத் தட்டியதற்கும் உள்ளே இருந்த ஒருவர் வேண்டும். அந்த எழுபத்தொன்பது பேரில் உன்னைத் தவிர ஒருவரும் வர மாட்டார்கள் என்று ஆஷா சொல்கிறாள். நீ வருவாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன் ஜெபமாலை


திருப்பூர்
12.9.2004

அக்கா,

நலம் விசாரிக்காமல் எழுதுகிறேன்.

நான் அவள் இடதுபக்கம் உட்கார்ந்திருந்தேன். கட்டிங் ஆட்கள் கடைசி வரிசை என்பது உண்மை. நான் அங்கே உட்கார்ந்ததே இல்லை.

மூன்று மாதமும் நான் கண்ணை மூடி உன்னைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். உன்னை, கந்தப்பனை, அந்த மணியை. சில நாள் வெட்ட வேண்டிய பீஸைக் கணக்குப் போடுவேன். அன்றைக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. ஃபேன் நின்றது. கரண்ட் போயிருக்கலாம். மூச்சு தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை. பசி இல்லை. யார்மேலும் கோபம் இல்லை. நம் உப்பளத்தில் பாத்தி நிறைந்து தண்ணீர் அசையாமல் நிற்குமே, அப்பா அதில் கால் வைக்காமல் கரையில் நிற்பாரே, அப்படி இருந்தது. பிறந்ததிலிருந்து எனக்கு அப்படி இருந்ததில்லை. நீ இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாய் என்று நினைத்தேன். உனக்கு எழுத வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

முதல் தடவை தட்டியபோது விளையாடுகிறாள் என்று நினைத்தேன். இரண்டாவது தடவை எரிச்சல் வந்தது. இவள் சும்மா இருக்க மாட்டாளா என்று.

மூன்றாவது தடவை எனக்குத் தெரியும். என்னவென்று தெரியாது, ஆனால் சரியில்லை என்று தெரியும். கண்ணைத் திறந்தால் அந்த அமைதி போய்விடும். சத்தம் வரும், போகும் என்று சொல்லிக்கொண்டேன். போய்விட்டது.

உன்னைக் கொலைகாரி மாதிரி எழுதிவிட்டேன். அந்தத் தாளை மற்ற எழுபத்தொன்பது பேரும் பயந்துகொண்டு கேட்டார்கள், நான் ஒருவன்தான் ஆசைப்பட்டுக் கேட்டேன்.

இதை ஆபீஸில் ஆஷா முன்னால் எப்படிச் சொல்வது?

எனக்கு வந்தது கடவுள் இல்லை என்று மட்டும் எழுது. தூக்கம் என்று எழுது. சோர்வு என்று எழுது. நீ எழுதினால் நம்பிவிடுவேன்.

சகாயராஜ்


வேம்பார்
25.9.2004

என் சகாயத்துக்கு,

உன் கடிதத்தைக் கடற்கரைக்குக் கொண்டுபோய் உட்கார்ந்து படித்தேன். இப்போது நீ எனக்கு எதிரே இருந்தால் உன் தலையைப் பிடித்துக்கொண்டிருப்பேன். எழுதத் தெரியவில்லை.

தூக்கம் என்று எழுத மாட்டேன். உனக்கு வந்தது பொய் இல்லை. அதே மேஜையில் வளையலும் பொய் இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் உன்னிடம் வந்தன. எதற்குக் கண்ணைத் திறக்க வேண்டும் என்று நான் யாருக்கும் சொல்லித்தரவில்லை. மூடத்தான் சொல்லித்தந்தேன். பதினொரு வருஷம் நியாயம் கேட்டவள் ஒரு நாலாவது வரி எழுதவில்லை. பக்கத்தில் இருப்பவர் தட்டினால் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கண்ணைத் திறவுங்கள் என்று எழுதியிருக்க வேண்டும். அது தியானமே தேவைப்படாத வரி. குழந்தைக்குக்கூடத் தெரியும். அதனால்தான் விட்டுவிட்டேன் போலிருக்கிறது.

உன்னை மன்னிக்க எனக்கு உரிமை இல்லை. என்னை மன்னிக்க உனக்கும் இல்லை. ஆஷாவுக்குத்தான் உண்டு. அவளிடம் கேட்க வேண்டுமானால் அவளுக்கு முதலில் தெரிய வேண்டும்.

ஆறாம் தேதி காலை பத்து மணிக்கு ஆபீஸ் வாசலில் நிற்பேன். வா.

அக்கா


திருப்பூர் பஸ் நிலையம்
6.10.2004

தம்பி,

பூண்டியில் உன் அறைக்குப் போனேன். பூட்டு. பட்டறைக்காரர் நீ பெட்டியோடு போய் நாலு நாள் ஆகிறது என்றார். எங்கே என்று தெரியாதாம். கடிதம் வந்தால் வாங்கி வைக்கிறேன், வந்து பார்த்துக்கொள்வான் என்றார். அதனால் இங்கேயே எழுதி அவர் பட்டறைக்குத் தபாலில் போட்டுவிட்டுப் போகிறேன். சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். சாப்பிட்டாயா என்று கேட்கக்கூட முகவரி இல்லை.

கந்தப்பன் வந்திருந்தார். எனக்கு வணக்கம் சொன்னார். அதிகாரி என் கடிதத்தைப் படித்துவிட்டு, உள்ளே இருந்தவர்கள் யாராவது உண்டா என்று கேட்டார். ஆஷா எழுந்து, "எங்க அண்ணன் வருதுங்கய்யா, பஸ் லேட்டு" என்றாள். பன்னிரண்டரை வரை அவர் காத்திருந்தார். பிறகு டிசம்பர் எட்டுக்குத் தள்ளி வைத்தார். அன்றும் யாரும் வரவில்லை என்றால் மனுவை முடித்துவிடுவாராம். வாசலில் வந்தும் அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. அது நீ சொல்ல வேண்டியது.

ஜெபமாலை


வேம்பார்
27.11.2004

சகாயம்,

இங்கே மழை. வீடு ஒழுகவில்லை. நான் சுகம்.

ஆஷா ஒரு வாரம் தறி லீவு போட்டு என்னோடு இருக்கிறாள். அம்மாவின் வளையலைக் கழற்றாமல் கையில் போட்டிருக்கிறாள். பாத்திரம் தேய்க்கும்போது சத்தம் கேட்கிறது. நான் ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்க்கிறேன். ஏன் பார்க்கிறேன் என்று கேட்டாள். பாத்திரத்தை வாங்கித் துடைத்து வைத்தேன்.

பட்டறைக்காரருக்குப் போன் போட்டேன். நீ வந்து அக்டோபர் கடிதத்தை வாங்கிக்கொண்டு போனதாகச் சொன்னார். அப்படியென்றால் இதையும் வாங்குவாய்.

வேறு எதையும் சொல்ல வேண்டாம். உப்பளத்தைச் சொல்ல வேண்டாம், உனக்கு வந்ததைச் சொல்ல வேண்டாம், என்னைப் பற்றியும் சொல்ல வேண்டாம். டிசம்பர் எட்டாம் தேதி வந்து, மூன்று தடவை தட்டினாள் என்று மட்டும் சொல்.

அக்கா